கிரெடிட் கார்டுல நாம பண்ணாத செலவு விழுந்தா என்ன பண்ணணும், விழாம இருக்க என்ன பண்ணணும்

நீங்க வாங்காத ஏதோ ஒண்ணுக்கு 49,990 ரூபாய் போயிடுச்சுன்னு எஸ்எம்எஸ் வந்து நிக்குதுன்னு வைங்க. கை நடுங்கும், யாருக்கு மொதல்ல போன் பண்றதுன்னே தெரியாது, வீட்ல சொன்னா திட்டுவாங்களோன்னு பயம் வேற. அந்த பதட்டத்துல தான் நெறைய பேர் கூகுள்ல பேங்க் பேரப் போட்டு கஸ்டமர் கேர் நம்பர் தேடுறாங்க, அதுல மேல வந்து நிக்கிற நம்பர் பல நேரம் இன்னொரு திருட்டு கும்பலோட நம்பரா இருக்கு, அவன் "பணத்த ரீஃபண்ட் பண்றேன், இந்த ஆப்ப போடுங்க"ன்னு சொல்லி மிச்சம் இருக்கிறதையும் வழிச்சிட்டு போயிடுறான். அதனால நம்பர் வேணும்னா கார்டோட பின்பக்கம் பாருங்க, இல்ல பேங்க் ஆப்புக்குள்ள பாருங்க, வேற எங்கயும் தேடாதீங்க.

போன் பண்றதுக்கும் முன்னாடி ஒண்ணு இருக்கு. பேங்க் ஆப்ப தெறந்து கார்ட லாக் பண்ணுங்க. எல்லா பேங்க் ஆப்புலயும் கார்ட்ஸ்னு போனா லாக் இல்லன்னா பிளாக்னு ஒரு பட்டன் இருக்கும், கஸ்டமர் கேர்ல "ஒன்றை அழுத்தவும் இரண்டை அழுத்தவும்"னு பாட்டு கேட்டுட்டு நிக்கிற நேரத்துல இத முடிச்சிடலாம். திருடறவன் பெரும்பாலும் ஒரே தடவையோட நிறுத்த மாட்டான், மொதல்ல ஒண்ணு போட்டு பாப்பான், போச்சுன்னா அடுத்தடுத்து அடிப்பான், அந்த ரெண்டாவது மூணாவத தடுக்கிறது இந்த லாக் தான். அப்புறம் பேங்குக்கு போன் போட்டு கார்ட நிரந்தரமா பிளாக் பண்ண சொல்லுங்க, இந்த ட்ரான்சாக்ஷன நான் பண்ணல, இது ஃப்ராட், டிஸ்ப்யூட் (இந்த செலவு என்னோடது இல்லங்கிற மறுப்பு) பதிவு பண்ணுங்கன்னு சொல்லி கம்ப்ளைன்ட் நம்பர வாங்கி எழுதி வைங்க. கார்ட பிளாக் பண்றது வேற, டிஸ்ப்யூட் பதிவு பண்றது வேற. பிளாக் பண்ணிட்டா எல்லாம் முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சு விட்டுட்டு, பில் வந்ததுக்கு அப்புறம் அலறுறவங்க ரொம்ப பேர்.

அடுத்த போன் 1930. மத்திய உள்துறை நடத்துற சைபர் மோசடி ஹெல்ப்லைன் இது. நாம சொல்ற கம்ப்ளைன்ட் பேங்குகள், வாலட் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்திருக்கிற ஒரு சிஸ்டத்துக்குள்ள போகும், பணம் எந்த அக்கவுண்ட்ல எந்த வாலட்ல போய் நிக்குதோ அங்கயே அத நிறுத்தி வைக்க முயற்சி பண்ணுவாங்க. பணம் கை மாறிட்டே இருக்கும், நாலஞ்சு அக்கவுண்ட் தாண்டி எவனாவது ஏடிஎம்ல எடுத்துட்டான்னா அப்புறம் பிடிக்கிறது கஷ்டம், அதனால தான் மொதல் ஒரு மணி நேரம் அவ்ளோ முக்கியம். போன் பண்ணும்போது கார்டோட கடைசி நாலு நம்பர், எவ்ளோ பணம், எந்த தேதி எத்தன மணி, எந்த கடை பேர்ல போயிருக்குங்கிறத கையில வெச்சிக்கோங்க. லைன் கிடைக்கலன்னா விட்டுடாதீங்க, சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்துல நேரா பதிவு பண்ணலாம். நம்ம ஊர்ல மாவட்டத்துக்கு மாவட்டம் சைபர் கிரைம் போலீஸ் ஸ்டேஷன் இருக்கு, பெரிய தொகைன்னா நேர்லயும் போய் மனு குடுத்து சிஎஸ்ஆர் ரசீது (மனுவ வாங்கிக்கிட்டோம்னு போலீஸ் தர்ற ரசீது) வாங்கிக்கோங்க, பின்னாடி பேங்க் கேக்கும்போது உதவும்.

இன்னொன்னு, இத யாரும் சொல்றது கிடையாது. எஸ்எம்எஸ்ல ஏதாவது பெரிய ஷாப்பிங் சைட் பேரோ கிஃப்ட் கார்டு விக்கிற ஆப் பேரோ இருந்துச்சுன்னா அந்த கம்பெனிக்கும் உடனே சொல்லுங்க. திருடறவன் மொபைல் போன் ஆர்டர் போட்டிருந்தா அது கிளம்புறதுக்கு முன்னாடி கேன்சல் பண்ண வாய்ப்பு இருக்கு, கிஃப்ட் வவுச்சர் இன்னும் உபயோகிக்காம இருந்தா அத முடக்கவும் வாய்ப்பு இருக்கு.

மெயில் அனுப்புறதுல தான் எல்லாம் இருக்கு

போன்ல சொன்னது காத்தோட போயிடும், அதனால அன்னைக்கே பேங்கோட அதிகாரப்பூர்வ மெயிலுக்கு ஒரு கடிதம் போடுங்க. ஆடம்பரமா எழுத வேண்டாம். இத்தன மணிக்கு எஸ்எம்எஸ் வந்துச்சு, இத நான் பண்ணல, கார்டு என் கையில தான் இருக்கு, ஓடிபி யாருக்கும் குடுக்கல (நிஜமாவே குடுக்கலன்னா மட்டும் இத எழுதுங்க), இத்தன மணிக்கு கார்ட பிளாக் பண்ணேன், உங்க கம்ப்ளைன்ட் நம்பர் இது, 1930 ஒப்புகை நம்பர் இது. எஸ்எம்எஸ் ஸ்கிரீன்ஷாட்ட கூட சேருங்க. கடைசில ஒரு வரி, ஆர்பிஐ 2017 ஜூலை 6 சர்க்குலர் படி எனக்கு இதுல பொறுப்பு இல்ல, பணத்த திருப்பி வரவு வையுங்கன்னு.

அந்த சர்க்குலர் என்ன சொல்லுதுன்னு ஒவ்வொரு கார்டுகாரரும் தெரிஞ்சு வெச்சிருக்கணும்னு நான் நெனைக்கிறேன், ஏன்னா கால் சென்டர்ல பேசுறவங்க இத தானா எடுத்து சொல்ல மாட்டாங்க. பேங்க் பக்கம் ஓட்டைன்னா நீங்க எப்ப சொன்னாலும் உங்களுக்கு ஒரு ரூபாய் கூட பொறுப்பு கிடையாது. பேங்க் மேலயும் தப்பு இல்ல, உங்க மேலயும் தப்பு இல்ல, நடுவுல எங்கயோ கார்டு விவரம் கசிஞ்சிருக்குன்னா, தகவல் வந்ததுல இருந்து 3 வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா அப்பவும் பொறுப்பு பூஜ்யம். நாலுல இருந்து ஏழு வேலை நாள் ஆயிடுச்சுன்னா 5 லட்சம் வரைக்கும் லிமிட் இருக்கிற கார்டுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய், அதுக்கு மேல லிமிட்னா 25,000 ரூபாய், திருட்டுப் போன தொகை அதவிட கம்மின்னா அந்த தொகை மட்டும். ஏழு நாள் தாண்டிட்டா பேங்கோட பாலிசி என்ன சொல்லுதோ அது தான். தகவல் வந்த அந்த நாள கணக்குல சேக்க மாட்டாங்க, உங்க கிளை வேலை செய்யற நாள் மட்டும் தான் கணக்கு. வெள்ளிக்கிழமை ராத்திரி எஸ்எம்எஸ் வந்து மறுநாள் ரெண்டாவது சனின்னா, திங்கள் செவ்வாய் புதன்னு எண்ணணும். அதுக்காக புதன் வரைக்கும் காத்திருக்க சொல்லல, அப்பவே சொல்லுங்க.

நீங்களே ஓடிபிய சொல்லிட்டீங்கன்னா, இல்ல ஏதோ லிங்க்ல கார்டு விவரம் எல்லாம் போட்டுட்டீங்கன்னா, அது உங்க கவனக்குறைவுன்னு தான் எடுத்துக்குவாங்க, பேங்குக்கு சொல்ற வரைக்கும் போன பணம் உங்க தலையில தான். ஆனா சொன்னதுக்கு அப்புறம் போற ஒவ்வொரு ரூபாய்க்கும் பேங்க் தான் பொறுப்பு. ஏமாந்துட்டோமேன்னு வெக்கப்பட்டு ராத்திரி முழுக்க யார்கிட்டயும் சொல்லாம உக்காந்திருக்கிறவங்களுக்காக தான் இத அழுத்தி சொல்றேன், படிச்சவங்க, பேங்க்லயே வேலை பாத்தவங்க எல்லாம் ஏமாந்திருக்காங்க, இதுல அசிங்கம் ஒண்ணும் இல்ல, சொல்லாம இருக்கிற நேரத்துக்கு தான் விலை.

நீங்க சொன்ன 10 வேலை நாளுக்குள்ள பேங்க் அந்த தொகைய உங்க கார்டுல தற்காலிகமா வரவு வைக்கணும், 90 நாளுக்குள்ள விசாரணைய முடிக்கணும். தப்பு உங்களோடதுன்னு நிரூபிக்க வேண்டிய கடமை பேங்கோடது, இல்லன்னு நிரூபிக்க வேண்டியது நீங்க இல்ல. எங்க தெருவுல ஒரு அக்காவுக்கு ஏதோ வெளிநாட்டு சைட்ல கார்டு ஓடிடுச்சு, ஓடிபியே வரல, எஸ்எம்எஸ் மட்டும் தான் வந்துச்சு. கால் சென்டர்ல "நீங்க தான் எங்கயாவது கார்டு விவரம் குடுத்திருப்பீங்க மேடம்"னு கைய விரிச்சிட்டாங்க, அக்காவும் நம்ம தலையெழுத்துன்னு பில்ல கட்ட கிளம்பிட்டாங்க. அப்புறம் மேல சொன்ன மாதிரி சர்க்குலர் தேதிய போட்டு பேங்கோட குறை தீர்க்கும் அதிகாரிக்கு மெயில் போட்டதுக்கு அப்புறம் தான் பணம் திரும்ப வந்துச்சு. மெயில் போடலன்னா அந்த பணம் போனது போனது தான்.

பில் வரும்போது குழம்பாதீங்க. ஃப்ராட்னு டிஸ்ப்யூட் பண்ண தொகைக்கு அது முடியற வரைக்கும் எந்த சார்ஜும் போடக்கூடாதுன்னு ஆர்பிஐ சொல்லியிருக்கு. ஆனா நீங்க நிஜமா பண்ண செலவு மிச்சம் இருக்குமே, அத கடைசி தேதிக்குள்ள கட்டிடுங்க. கோவத்துல மொத்த பில்லையும் கட்டாம விட்டா லேட் ஃபீஸ், வட்டி, சிபில் ஸ்கோர் எல்லாம் உங்க மேல தான் விழும். நடுவுல யாராவது போன் பண்ணி "சார் இந்த தொகைய இஎம்ஐ ஆக்கிக்கலாமே"ன்னு கேட்டா ஒத்துக்காதீங்க, அப்புறம் அந்த செலவ நீங்களே ஏத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.

முப்பது நாள் ஆகியும் பதில் இல்ல, இல்லன்னா வந்த பதில் சரியில்லன்னா ஆர்பிஐ ஆம்புட்ஸ்மேன் (பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கிற அதிகாரி) கிட்ட போகலாம். சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன் தளத்துல பதிவு பண்ணணும், காசு கிடையாது, வக்கீல் வேண்டாம், சந்தேகம்னா 14448க்கு போன் பண்ணி கேக்கலாம். அங்க மொதல்ல கேக்கிறதே பேங்குக்கு எழுத்துல கம்ப்ளைன்ட் குடுத்தீங்களா, அதோட காப்பி எங்கன்னு தான்.

ஓடிபி இல்லாமயே எப்படி போகுது

நம்ம நாட்டுல ஆன்லைன் கார்டு பேமென்ட்டுக்கு ரெண்டாவது பாஸ்வேர்டு கட்டாயம்னு 2009லயே ஆர்பிஐ கொண்டு வந்துடுச்சு. வெளிநாட்டு கடைகளுக்கு அந்த கட்டாயம் இல்லாம இருந்ததால கார்டு நம்பர், தேதி, சிவிவி (கார்டுல அச்சடிச்சிருக்கிற ரகசிய நம்பர்) இருந்தா போதும்னு நெறைய சைட் எடுத்துக்குது. இந்த ஓட்டைய அடைக்க உங்க கையிலயே ஒரு சுவிட்ச் இருக்கு. 2020ல இருந்து எல்லா பேங்கும் கார்டுக்கு ஆன்லைன், இன்டர்நேஷனல், கான்டாக்ட்லெஸ் மூணையும் தனித்தனியா ஆன் ஆஃப் பண்றதுக்கும் லிமிட் வைக்கிறதுக்கும் வசதி குடுக்கணும். இன்டர்நேஷனல இப்பவே ஆஃப் பண்ணிடுங்க. வெளிநாடு போகும்போதோ வெளிநாட்டு சாஃப்ட்வேர் ஏதாவது வாங்கும்போதோ ஆன் பண்ணி, வேலை முடிஞ்சதும் திரும்ப ஆஃப். கிரெடிட் கார்டுல நீங்க ஏடிஎம் பணம் எடுக்கிறது இல்லன்னா, அதையும் ஆஃப் பண்ணுங்க. ஆன்லைன் லிமிட்ட உங்க மாசச் செலவுக்கு தக்க வைங்க, கார்டு லிமிட் 3 லட்சம் இருக்குன்னா ஆன்லைன்லயும் 3 லட்சம் தெறந்து கிடக்கணும்னு ஒண்ணும் இல்ல. கான்டாக்ட்லெஸ்ல 5,000 ரூபாய் வரைக்கும் பின் கேக்காமயே போகும், அது வேண்டாம்னா அதையும் அணைச்சிடலாம்.

சின்ன தொகை வந்தா அசால்ட்டா விடாதீங்க. ஒரு டாலர், ரெண்டு டாலர், 80 ரூபாய் 150 ரூபாய்னு தெரியாத பேர்ல வந்தா, கார்டு வேலை செய்யுதான்னு எவனோ தொட்டு பாக்குறான்னு அர்த்தம், அடுத்தது பெருசா வரும்.

அலர்ட் எஸ்எம்எஸ் எந்த நம்பருக்கு போகுதுன்னு பாத்தீங்களா? ரீசார்ஜ் பண்ணாம விட்ட பழைய நம்பர் பேங்க்ல அப்படியே இருக்கும், அந்த நம்பர கொஞ்ச மாசத்துல கம்பெனி வேற ஒருத்தருக்கு குடுத்துடும், உங்க ஓடிபி அவருக்கு போகும். வெளிநாட்டுல இருக்கிற பசங்க, ஊர்ல இருக்கிற அப்பா அம்மா கார்டுல இத ஒரு தடவ பாத்து மாத்தி விடுங்க, மெயில் அலர்ட்டையும் சேத்து போடுங்க.

ஓடிபி வாங்கி போறது எப்படி

ரிவார்டு பாயின்ட் இன்னைக்கு ராத்திரியோட காலாவதி ஆகுது, லிமிட்ட ஏத்தி தர்றோம், வருஷ கட்டணத்த ரத்து பண்றோம். போன்ல வர்ற திருடனோட பேச்சு பெரும்பாலும் இந்த மூணுல ஒண்ணா தான் இருக்கும், உங்க பேரும் கார்டோட முதல் சில நம்பரும் அவனே சொல்லுவான், அதனால நம்பிடாதீங்க, எங்க கசிஞ்ச லிஸ்ட்டோ அவன் கையில இருக்கு.

ஓடிபி மெசேஜ முழுசா படிக்கிற பழக்கம் ஒண்ணு போதும், பாதி மோசடி நின்னுடும். நாம என்ன பண்றோம், நோட்டிஃபிகேஷன்ல தெரியற ஆறு நம்பர மட்டும் பாத்து டைப் பண்றோம். அந்த மெசேஜ தெறந்தா எவ்ளோ தொகை, எந்த கடைக்குன்னு அதுலயே எழுதியிருக்கும். போன்ல அவன் "பாயின்ட்ட பணமா மாத்த ஒரு கோட் வரும் சொல்லுங்க"ங்கிறான், மெசேஜ்ல 38,500 ரூபாய்னு ஒரு நகைக் கடை பேர் இருக்கு. அந்த வரிய படிச்சிருந்தா தப்பிச்சிருக்கலாம்.

இப்ப ஆர்பிஐ பேங்குகள பேங்க் டாட் இன் அப்படின்னு முடியற முகவரிக்கு மாற சொல்லியிருக்கு, அப்படி முடியற முகவரி பதிவு பண்ண பேங்குக்கு மட்டும் தான் கிடைக்கும். லிங்க்ல பேங்க் பேர் எங்கயோ நடுவுல இருந்து கடைசில வேற ஏதாவது முடிஞ்சா மூடிடுங்க. பேங்க்ல இருந்து சேவை சம்பந்தமா வர்ற கால் 1600ல ஆரம்பிக்கிற நம்பர்ல வரணும், சாதாரண பத்து இலக்க மொபைல் நம்பர்ல இருந்து "பேங்க்ல இருந்து பேசுறேன்"னா கட் பண்ணிடுங்க, மரியாதை எல்லாம் பாக்க வேண்டாம்.

வாட்ஸ்அப்ல வர்ற ஏபிகே ஃபைல் (தொட்டா போன்ல ஒரு ஆப்ப இன்ஸ்டால் பண்ற ஃபைல்) தான் இப்ப ரொம்ப மோசம். கல்யாண பத்திரிகை, டிராஃபிக் அபராதம், பேங்க் கேஒய்சின்னு ஏதோ ஒரு பேர்ல வரும், தொட்டு இன்ஸ்டால் பண்ணிட்டா உங்க எஸ்எம்எஸ் எல்லாம் அவனுக்கு போகும், ஓடிபிய உங்ககிட்ட கேக்கவே வேண்டியது இல்ல. அப்படி தெரியாம பண்ணிட்டீங்கன்னா உடனே போன ஏரோப்ளேன் மோடுல போடுங்க, வேற ஒருத்தர் போன்ல இருந்து பேங்குக்கு பேசி கார்ட பிளாக் பண்ணுங்க, பாஸ்வேர்ட மாத்துறதயும் அந்த வேற போன்லயே பண்ணுங்க, உங்க போன ஃபேக்டரி ரீசெட் பண்ணதுக்கு அப்புறம் தான் பேங்க் ஆப்ப அதுல திரும்ப போடணும்.

ஷாப்பிங் பண்றப்ப

சைட் அட்ரஸ் பக்கத்துல பூட்டு படம் இருந்தா சேஃப்னு இன்னும் நெறைய பேர் நம்புறாங்க. அந்த பூட்டுக்கு அர்த்தம் உங்களுக்கும் சைட்டுக்கும் நடுவுல யாரும் எட்டிப் பாக்க முடியாதுங்கிறது மட்டும் தான், சைட்டே திருடனோடதா இருந்தா பூட்டு என்ன பண்ணும்? அந்த சர்டிபிகேட் ஓசிலயே கிடைக்குது. ஜனங்க தப்பா புரிஞ்சுக்கிறாங்கன்னு குரோம் 2023ல அந்த பூட்டு படத்தையே எடுத்துடுச்சு.

தீபாவளி பட்டாசு நல்ல உதாரணம். ஆன்லைன்ல பட்டாசு விக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2018 அக்டோபர்லயே சொல்லிடுச்சு. ஆனா சீசன் வந்தா இன்ஸ்டா பூரா விளம்பரம், சிவகாசி ஃபேக்டரி விலை, பாதி விலைக்கும் கீழ. கிளிக் பண்ணா அழகா விலைப் பட்டியல், சங்கு சக்கரம் புஸ்வாணம் எல்லாம் போட்டோவோட இருக்கும், ஆர்டர் போட்டா வாட்ஸ்அப்ல ஒருத்தர் வருவார், ரொம்ப தன்மையா பேசுவார், ஒரு பில் அனுப்புவார், யூபிஐல மொத்தமா கட்ட சொல்லுவார். கட்டினதும் லாரி ஆபீஸ் சார்ஜ், இன்சூரன்ஸ், ஜிஎஸ்டின்னு கொஞ்சம் கொஞ்சமா இன்னும் கேப்பார், அப்புறம் நம்பர பிளாக் பண்ணிடுவார். தமிழ்நாடு சைபர் கிரைம் பிரிவே இதப் பத்தி எச்சரிக்கை விட்டிருக்கு. பட்டாசு மட்டும் இல்ல, பட்டுப்புடவை, பழைய பைக், ஏர் கூலர் எல்லாத்துக்கும் இதே பாணி தான்: விலை நம்ப முடியாத அளவு கம்மி, கேஷ் ஆன் டெலிவரி கிடையாது, கார்டும் எடுக்க மாட்டாங்க, யூபிஐ மட்டும் தான்.

அந்த கடைசி அடையாளம் முக்கியம். தெரியாத சைட்ல வாங்கித் தான் ஆகணும்னா கேஷ் ஆன் டெலிவரி பாருங்க, இல்லன்னா கிரெடிட் கார்டு. யூபிஐல நீங்களே பின் போட்டு அனுப்பின பணத்த திரும்ப வாங்குறது பெரும்பாடு, கிரெடிட் கார்டுன்னா பொருள் வரல, உடஞ்சு வந்துச்சு, வேற பொருள் வந்துச்சுன்னு பேங்க்ல சார்ஜ்பேக் (கடைக்கு போன பணத்த பேங்க் வழியா திரும்ப வாங்குறது) கேக்கலாம். அதுக்கு காலக்கெடு உண்டு, அதனால "இன்னும் ரெண்டு நாள்ல வந்துடும் சார்"னு கடைக்காரன் இழுத்தடிக்கிறத மாசக்கணக்குல நம்பிட்டு இருக்காதீங்க. ஆர்டர் மெயில், சாட், வந்த பொருளோட போட்டோ எல்லாத்தையும் எடுத்து வைங்க, பார்சல பிரிக்கும்போது வீடியோ எடுத்தா இன்னும் நல்லது. விக்கிறவங்க குறை தீர்க்கும் அதிகாரி 48 மணி நேரத்துல ஒப்புகை குடுத்து ஒரு மாசத்துல தீர்க்கணும்னு 2020 இ-காமர்ஸ் விதியில இருக்கு, கேக்கலன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915.

கார்ட சைட்ல சேவ் பண்ணலாமான்னு எல்லாரும் கேக்குறாங்க. 2022 அக்டோபர் 1ல இருந்து நம்ம நாட்டு கடைகள் உங்க கார்டு நம்பர வெச்சிருக்கக் கூடாது, அதுக்கு பதிலா டோக்கன்னு வேற ஒரு நம்பர் தான் அவங்ககிட்ட இருக்கும், அது அந்த கடைக்கு மட்டும் தான் செல்லும், கசிஞ்சாலும் வேற எங்கயும் ஓடாது. அதனால அடிக்கடி வாங்குற பெரிய சைட்ல டோக்கனா சேவ் பண்றது ஒவ்வொரு தடவையும் முழு நம்பர டைப் பண்றத விட பாதுகாப்புன்னு தான் நான் சொல்லுவேன். வெளிநாட்டு சைட்ல மட்டும் சேவ் பண்ணாதீங்க. முடிஞ்சா ஆன்லைனுக்குன்னு லிமிட் கம்மியா ஒரு தனி கார்டு வெச்சுக்கோங்க.

"உங்க பார்சல் அட்ரஸ் சரியில்ல, 5 ரூபாய் கட்டி அப்டேட் பண்ணுங்க"ன்னு போஸ்ட் ஆபீஸ் பேர்ல மெசேஜ் வருதே, அது அந்த 5 ரூபாய்க்காக இல்ல, அந்த பக்கத்துல நீங்க போடுற கார்டு நம்பருக்காக. அதே மாதிரி ஆர்டரே போடாம டெலிவரி ஆள் வந்து "கேன்சல் பண்ண ஓடிபி சொல்லுங்க"ன்னா சொல்லாதீங்க.

எல்லாம் முடிஞ்சு புது கார்டு வந்துடுச்சு, பணமும் வந்துடுச்சுன்னா கூட ஒரு வேலை பாக்கி இருக்கு. பான் கார்டு ஆதார் காப்பி போட்டோ எல்லாம் திருடன் கையில சிக்கியிருந்தா உங்க பேர்ல லோன் போடவும் பாப்பான், அது உங்களுக்கு தெரியாமலே போகலாம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க்னு நம்ம கடன் விவரத்த பதிவு பண்ணி வைக்கிற நாலு கம்பெனியும் வருஷத்துக்கு ஒரு தடவ முழு ரிப்போர்ட்ட இலவசமா குடுக்கணும், நாலையும் ஒரே நாள்ல எடுத்துடாம மூணு மாசத்துக்கு ஒண்ணுன்னு பிரிச்சு எடுத்தா வருஷம் பூரா ஒரு கண்ணு வெச்ச மாதிரி இருக்கும். அதுல நீங்க கேக்காத லோனோ தெரியாத பேங்க் விசாரிச்ச பதிவோ இருந்தா அங்கயே டிஸ்ப்யூட் போடுங்க, 30 நாளுக்குள்ள தீர்க்கலன்னா அதுக்கு மேல ஒவ்வொரு நாளுக்கும் உங்களுக்கு 100 ரூபாய் அவங்க தரணும், அதையும் கேட்டு வாங்குங்க.